மறு: ‘வரைவுநிலை ஆற்றல் கணிப்பு’ – கலைச்சொல் பரிந்துரை

ஐயா, வணக்கம். கட்டடம் பிளானாக இருக்கும்போதே அதற்கு எவ்வளவு ஆற்றல் செலவாகும் என்று கணக்குப் போடும் வேலைக்கு ‘வரைவுநிலை ஆற்றல் கணிப்பு’ என்ற சொல்லை முன்வைத்திருந்தேன். அதுபற்றி நீங்கள் எழுப்பிய கேள்விகளுக்கு என் பதில் இது.

> ‘தொடக்கநிலை வடிவமைப்புச் செயல்திறன் பகுப்பாய்வு’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

பொருள் சரிதான். ஆனால் பிளான் போடுகிறவர் வாயில் இத்தனை நீளம் நிற்காது. ‘திறன்’ என்பதிலும் சிக்கல் உண்டு: பள்ளி இயற்பியலில் அது வாட் கணக்கு. ‘திறனாய்வு’ என்று சுருக்கினால் இலக்கியத்துக்குப் போய்விடும். அதனால்தான் ‘ஆற்றல்’ என்றேன்.

‘வரைவுநிலை’யை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள். சொல்லின் உயிரே அதில்தான் இருக்கிறது. வீடுகளுக்கான ஒன்றிய அரசின் ஆற்றல் சேமிப்பு விதியான எக்கோ நிவாஸ் சம்ஹிதா 2018-ஐப் பாருங்கள். சுவர், சன்னல் வழியே உள்ளே வரும் வெப்பத்துக்கு ஆர்.இ.டி.வி. என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். சென்னைக்கு அது சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக்கூடாது. கூரைக்குத் தனிக் கணக்கு. இந்த 15-இல் மூன்று பங்கு சேர்கிறது: சுவர் கடத்துவது, கண்ணாடி கடத்துவது, கண்ணாடி வழியே நேராக நுழையும் வெயில்.

மூன்று பங்கிலும் திசை வருகிறது; மூன்றாவதை மட்டும் எடுத்துக்கொள்வோம். நம் அட்சரேகையில் மேற்குச் சன்னலுக்குத் திசைக் காரணி (திசையைப் பொறுத்துக் கணக்கைப் பெருக்கும் எண்) ஏறத்தாழ 1.16, வடக்குச் சன்னலுக்கு 0.66. அதே சன்னல், அதே கண்ணாடி; படுக்கையறையை மேற்கிலிருந்து வடக்குக்குத் திருப்பினால் அந்தச் சன்னலின் வெயில் கணக்கில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் குறைகிறது. பிளான் பென்சில் கோடாக இருக்கும்போது இதற்குக் காசு செலவில்லை. பில்லர் மார்க்கிங் முடிந்து அனுமதியும் வாங்கிய பிறகு கணக்குப் போட்டால், அப்புறம் விலை கூடிய கண்ணாடி, ஆழமான சன்ஷேட் என்றுதான் ஓட வேண்டும். விதி நிறைவேறும், வீடு கட்டுகிறவர் கைதான் கடிக்கும். எப்போது செய்ய வேண்டிய வேலை என்பதைச் சொல்லே சொல்லிவிட வேண்டும் என்பதுதான் என் பிடிவாதம்.

> ‘கணிப்பு’ சோதிட வாடை அடிக்கிறதே, ‘மதிப்பீடு’ நல்லதில்லையா?

மழைக் கணிப்பு, விளைச்சல் கணிப்பு என்று செய்தித்தாள்களில் ‘கணிப்பு’ அன்றாடம் புழங்குகிறது. ‘மதிப்பீடு’ கட்டுமானத் துறையில் ஏற்கெனவே எஸ்டிமேட்டுக்குப் போய்விட்டது. ‘ஆற்றல் மதிப்பீடு’ என்றால் மேஸ்திரி எத்தனை ரூபாய் என்று கேட்பார்.

அடுத்து, சுவர், சன்னல், கூரை எல்லாம் சேர்ந்த வெளிப்பரப்புக்கு ‘கட்டட உறை’ போதும் என்பது என் எண்ணம். ‘புறவுறை’ என்று ஒருவர் முன்வைத்திருக்கிறார். உறை என்றாலே புறம்தானே? மற்றவர்களும் சொல்லுங்கள்.

அன்புடன்.