எல்லையோர லூத்தரன் கோயில்களில் கேட்ட "கிறிஸ்துவின் நீதி" பிரசங்கம்: மறக்க முடியாத ஒன்றைச் சொல்லுங்கள்

பாறசாலைக்காரன்

நான் சி.எஸ்.ஐ.யில் (தென்னிந்தியத் திருச்சபை) வளர்ந்தவன். மனைவி வீட்டார் லூத்தரன், மார்ட்டின் லூத்தர் வழி வந்த சபை. களியக்காவிளையிலிருந்து உள்ளே போகிற ரோட்டில் அவர்கள் கோயில். ஆராதனை தமிழில், அறிவிப்பு மட்டும் மலையாளத்திலும் உண்டு. லூத்தரின் சீர்திருத்தத்தை நினைவுகூரும் சீர்திருத்த ஞாயிறு என்பதால் போயிருந்தேன். லூத்தரன் கோயிலில் பிரசங்கத்தின் நடுவே யாரும் வாய் திறப்பதில்லை, உங்களுக்கே தெரியும்.

போதகர் சகரியா 3ஆம் அதிகாரம் எடுத்தார். பிரதான ஆசாரியன் யோசுவா அழுக்கு வஸ்திரத்தோடு நிற்கிறான், சாத்தான் பக்கத்தில் நின்று குற்றம் சாட்டுகிறான். "யோசுவா அந்த அதிகாரம் முழுக்க ஒரு வார்த்தை பேசினானா பாருங்கள். துவைத்துக் கட்டிக்கொண்டு வா என்று தேவன் சொல்லவில்லை. கழற்றிப் போடச் சொன்னார், வேறே உடுத்தினார். அந்த வேறே உடுப்புதான் கிறிஸ்துவின் நீதி" என்றார்.

அப்போது பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். ஊருக்கே தெரிந்த ஆள். சீட்டு நடத்திப் பல பேர் பணத்தைக் கொண்டுபோனவர், கோயில் பக்கம் எட்டிப் பார்க்காதவர். "பாஸ்டரே, அது எனிக்கும் உண்டோ?" என்று கேட்டார்.

போதகர் கையிலிருந்த தாளை மடக்கி வைத்துவிட்டு அவரையே பார்த்தார். "உண்டு. உங்களுக்குத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்" என்றார். ஆள் உட்கார்ந்துவிட்டார். எனக்கு முன்னால் இருந்த அம்மா, அந்தச் சீட்டில் மகள் கல்யாணப் பணத்தைப் போட்டு இழந்தவர், ஞானப்பாட்டுப் புத்தகத்தைப் பட்டென்று மூடினார்.

போதகர் சொன்னது சத்தியம், அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனால் அந்த அம்மாவுக்கு அன்றைக்கு என்ன கிடைத்தது? அது எனக்குள் அறுத்துக்கொண்டே இருக்கிறது.

குப்பம் மருமகள்

ஆம்பூரில் பிறந்து குப்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். மாமனார் அடக்க ஆராதனையில் நடந்தது இது.

மாமா ஊரில் நல்ல மனிதர் என்று பேர் எடுத்தவர். எத்தனையோ பிள்ளைகளுக்கு ஸ்கூல் பீஸ் கட்டினவர். வாசலில் பந்தல் போட்டு, தெலுங்குக்கார அக்கம்பக்கத்தார் எல்லாம் வந்து உட்கார்ந்திருந்தார்கள். போதகர் பிலிப்பியர் 3ஆம் அதிகாரம் வாசித்தார். பவுல் தன் நல்ல பேரையெல்லாம் நஷ்டமென்று எண்ணினார், கிறிஸ்துவின் நீதி ஒன்றையே பிடித்துக்கொண்டார் என்று பிரசங்கம் முழுக்க அதே. மாமாவின் நற்காரியம் ஒன்றுகூட வரவில்லை. முடிந்து ஜெபத்துக்குப் போகும்போது என் பெரிய நாத்தனார் எழுந்து, "எங்க அப்பா ஒண்ணுமே செய்யலையா ஐயா?" என்று கேட்டார். பந்தலே அடங்கிவிட்டது.

"செய்தார் அம்மா. அதை இங்கே உட்கார்ந்திருக்கிற எல்லாரும் சொல்லுவார்கள். ஆனால் போன மாசம் நான் நற்கருணை கொடுக்க வந்தபோது, 'நான் செஞ்சதைக் கணக்குப் பார்க்காதீங்க, பயமா இருக்கு' என்று அவர்தான் சொன்னார். அதனால்தான் பார்க்கவில்லை" என்றார் போதகர்.

மாமா பயந்தார் என்பது எங்கள் யாருக்குமே தெரியாது. ஒரே வீட்டில் இருந்தோம்.

ஜெபவீடு நெய்யாற்றின்கரை

பாறசாலை அண்ணே, எனக்கு இதில் வேறே அபிப்பிராயம். அந்தச் சீட்டுக்காரர் எழுந்தபோது போதகர் முதலில் கேட்டிருக்க வேண்டியது, "பணத்தைத் திருப்பிக் கொடுத்தாயா?" அநியாயமாய் வரி வாங்கின சகேயு, இயேசுவைச் சந்தித்தபோது என்ன செய்தான்? நாலத்தனையாகத் திருப்பிச் செலுத்துகிறேன் என்றான். யாக்கோபு 2ஆம் அதிகாரம் லூத்தரன் பைபிளிலும் இருக்கிறதல்லவா? கிரியைகளில்லாத விசுவாசம் செத்தது.

என் அனுபவம் சின்னது. நானும் லூத்தரன் குடும்பம்தான். திடப்படுத்தல் வகுப்பு முடித்து, முதல் நற்கருணை எடுத்து, அடுத்த வாரமே கூட்டுக்காரர்களோடு குடித்தவன். "கிறிஸ்துவின் நீதி உன்னுடையது" என்று ஞாயிறுதோறும் கேட்டேன், ஞாயிறுதோறும் தூங்கினேன். ஜெபக்கூட்டம் ஒன்றில் "நீ மாறினாயா?" என்று ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டபோதுதான் விழித்தேன். அந்தக் கேள்வியை எங்கள் கோயிலில் யாரும் என்னிடம் கேட்டதில்லை.

அதனால் தயவுசெய்து சொல்கிறேன். இப்படிப் பிரசங்கம் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் அதோடு விட்டுவிடாதீர்கள். காலையில் எழுந்ததும் ஜெபம். யாரிடம் கடன் வாங்கியிருக்கிறீர்களோ அவர் பேரை எழுதுங்கள். யாரோடு பேச்சில்லையோ அவர் வீட்டுக்குப் போங்கள். குடி இருந்தால் கூட்டாளிகளை மாற்றுங்கள், போன் நம்பரையும் மாற்றுங்கள். வேதத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் மாறி மாறி வாசியுங்கள், ஒன்றில் கடந்துபோவது மற்றதில் தைக்கும். உபவாசம் பழகுங்கள், சுகர் இருக்கிறவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சாட்சி சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

அமரவிளை ஆன்றோ

கத்தோலிக்கன் எழுதலாம்தானே?

கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு லூத்தரன் உபதேசியார். பேச்சு இதிலேயே வந்து நின்றது. "தேவன் நம்மை உள்ளேயே நீதிமானாக்குகிறார் என்று எங்கள் சபை சொல்கிறது. நீங்கள் சொல்வதுபோல் நீதிமான் என்று வெறுமனே எண்ணுவதால் என்ன பிரயோஜனம்?" என்று கேட்டேன். அவர் யோசித்து, "உள்ளே பார்த்தால் எனக்குத் தூக்கம் வராது தம்பி. வெளியே சிலுவையைப் பார்த்தால் வரும்" என்றார். பாலராமபுரத்தில் இறங்கிப் போய்விட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை, இன்றுவரை பதில் தேடுகிறேன்.

ஒன்று சொல்லவேண்டும். 1999 அக்டோபர் 31இல் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலக சம்மேளனமும் நீதிமானாக்கப்படுதல் பற்றிக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டிருக்கின்றன. நம் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே என்று அதில் இரு தரப்பும் சேர்ந்தே சொல்கின்றன. எல்லா வித்தியாசமும் தீர்ந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இங்கே சிலர் எங்களைப் பற்றிப் பேசும்போது, லூத்தரன்கள் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை கொடுத்த 1530லேயே நிற்கிறார்கள்.

நாகர்கோவில் வாத்தியார்

ஆன்றோ தம்பி, அந்த அறிக்கையில் எல்லா லூத்தரன்களும் கையெழுத்திடவில்லை. அமெரிக்க லூத்தரன் சபையான மிசோரி சினாடு ஒப்பவில்லை. 1895இல் கிருஷ்ணகிரியிலும் 1907இல் நாகர்கோவிலிலும் வேலை தொடங்கியது அந்த மிசோரி மிஷன்தான், இந்த எல்லையோரக் கோயில்கள் பலவற்றுக்கும் அதுதான் வேர். அவர்கள் மறுத்ததற்குக் காரணம் நீங்கள் பஸ்ஸில் கேட்ட அதே கேள்வி. நீதி உள்ளே ஊற்றப்படுகிறதா, கிறிஸ்துவினுடையது நம் பேரில் எண்ணப்படுகிறதா? சி.எஸ்.ஐ. சகோதரருக்கும் ஒரு சேதி. உங்கள் சபையின் வேர்களில் ஒன்றான லண்டன் மிஷனுக்காக 1806இல் திருவிதாங்கூர் வந்த ரிங்கல்தௌபே லூத்தரன் பின்னணியில் வந்த ஜெர்மானியர். நமக்குள் சுவர் அவ்வளவு உயரமில்லை.

நான் கேட்ட பிரசங்கம் ஒன்றே ஒன்று சொல்கிறேன். மார்த்தாண்டம் பக்கம் ஒரு கோயில், ரப்பர் வெட்டுகிற ஜனங்கள். போதகர் சொன்னார்: "சொசைட்டிக் கடனை ஒருவன் அடைத்துவிட்டால் உன் கணக்கு பூஜ்யம். பூஜ்யத்தோடு பரலோகம் போக முடியாது. கிறிஸ்து கடனையும் அடைத்தார், தன் இருப்பையும் உன் பேரில் ஏற்றினார்." முன்வரிசையில் சொசைட்டி செக்ரட்டரியே உட்கார்ந்திருந்தார். அவர் தலை தானாக ஆடியதைப் பார்த்தேன். நான் அதுவரை பிள்ளைகளுக்கு மன்னிப்பை மட்டுமே சொல்லிக்கொடுத்து வந்தேன். அவர் நமக்காக நியாயப்பிரமாணத்தை முழுக்க நிறைவேற்றி வாழ்ந்த வாழ்க்கை அன்றுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

நெய்யாற்றின்கரை தம்பி சொன்னதற்கு வருகிறேன். சகேயு திருப்பிக் கொடுக்கிறேன் என்றது இயேசு அவன் வீட்டுக்குள் போன பிறகு. வாசலில் நின்று "முதலில் கொடு, அப்புறம் வருகிறேன்" என்று அவர் சொல்லவில்லை. லூத்தர் 1519ஆம் ஆண்டுப் பிரசங்கத்திலேயே இரண்டு நீதியைப் பிரித்துக் காட்டினார். ஒன்று வெளியிலிருந்து தரப்படும் கிறிஸ்துவின் நீதி. மற்றது அதிலிருந்து பிறந்து அயலானுக்குப் போகும் நம் நீதி. முதலாவது தேவனுக்கு முன்பாக, இரண்டாவது அந்த ஞானப்பாட்டுப் புத்தகத்தை மூடின அம்மாவுக்கு முன்பாக. அந்தப் போதகர் திங்கட்கிழமை சீட்டுக்காரர் வீட்டுக்குப் போய் இரண்டாவதைப் பேசியிருக்க வேண்டும். போயிருந்தால் பிரசங்கம் முழுமை.

படிக்க விரும்புகிறவர்கள் ரோமர் 3 முதல் 5 வரை ஒரே மூச்சில் படியுங்கள். பிறகு லூத்தரின் சிறிய ஞானோபதேசத்தில் விசுவாசப் பிரமாணத்தின் இரண்டாம் பிரிவு. பிறகு ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை 4ஆம் பிரிவு, சில வரிகள்தான். அது பிடிபட்டால் லூத்தரன்களின் இன்னொரு விசுவாச அறிக்கையான 1577இன் ஒருமைப்பாட்டு விதி 3ஆம் பிரிவு. அங்கே கிறிஸ்துவின் வாழ்வும் மரணமும் சேர்ந்த கீழ்ப்படிதல் முழுவதுமே நமக்கு நீதி என்று அழுத்தமாக இருக்கிறது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது தேர்வுக்குப் போல மனப்பாடம் செய்யவிடாதீர்கள், கதையாகச் சொல்லுங்கள்.

வெள்ளறடை பேத்தி

வாத்தியார் ஐயா, எங்கள் தாத்தா அதெல்லாம் படித்தவர். உபதேசியாராக இருந்தவர். ரோமர் 4:5 அவருக்குத் தலைகீழாகத் தெரியும். கடைசிக் காலத்தில் ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொண்டு, "மோளே, அந்த வசனம் சொல்லு" என்பார். "உங்களுக்கே தெரியுமே தாத்தா" என்றேன். "நான் சொன்னா எனக்குக் கேட்கல்ல. நீ சொல்லு" என்றார். பாவியை நீதிமானாக்குகிறவர் என்ற இடம் வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தி, அதை மட்டும் மறுபடியும் சொல்லச் சொல்வார். நகம் பதியும்.

இத்தனை வருஷம் ஊருக்குப் பிரசங்கித்த மனிதருக்கு, பத்தாம் கிளாஸ் பெண் வாயிலிருந்து அது ஏன் வேண்டியிருந்தது என்று இன்னும் நினைப்பேன். ஜெபவீடு அண்ணன் அந்த நேரத்தில் வந்து "நீங்க மாறினீங்களா?" என்று தாத்தாவிடம் கேட்டிருந்தால் நான் வாசலை அடைத்திருப்பேன். கோபத்தில் சொல்லவில்லை. அவர் முகத்தை நீங்கள் பார்க்கவில்லை.

ஜெபவீடு நெய்யாற்றின்கரை

தங்கச்சி, மரணப் படுக்கையில் நானும் அதைக் கேட்க மாட்டேன். நான் சொன்னது குடித்துவிட்டுக் கோயிலில் தூங்குகிற இருபது வயசுப் பையனைப் பற்றி. இரண்டு பேருக்கும் ஒரே பிரசங்கம் போதும் என்று வாத்தியார் நினைக்கிறார். எனக்கு அது இன்னும் ஒப்பவில்லை.

குப்பம் மருமகள்

நாத்தனார் அதற்குப் பிறகு கோயிலுக்கு வருகிறாரா என்று தனியாகச் சிலர் கேட்டிருந்தீர்கள். வருகிறார். அந்தப் போதகர் மாற்றலாகிப் போகும்வரை அவரோடு பேசவில்லை, ஆனால் அவர் கையால் நற்கருணை வாங்கினார். இப்போது வந்திருக்கிற போதகர் அடக்கம் முடிந்து வீட்டுக்குத் திரும்பின பிறகு, இறந்தவரைப் பற்றிக் குடும்பத்தார் பேச நேரம் கொடுக்கிறார். பிரசங்கத்தில் மட்டும் அதைச் சேர்ப்பதில்லை. எங்கள் பக்கத்தில் மற்ற லூத்தரன் சபைகளிலும் இப்படிச் செய்கிறார்களா?