மேடையில் மதுவிலக்கு, வீட்டில் மது: அம்பலப்படுத்துவது சரியா?

மருதன்:
மேடைதோறும் பூரண மதுவிலக்கு பேசும் ஒரு எம்.எல்.ஏ. தன் வீட்டு விருந்தில் குடிக்கும் வீடியோ ஒரு சிறு பத்திரிகைக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆள் அவரேதான். ஊருக்கு உபதேசம் செய்பவர் என்ற ஒரு காரணம் போதுமா? சட்டம் எதுவரை துணை நிற்கும்?

தராசுமுள்:
உண்மையாக இருந்தால் மட்டும் போதாது. நஷ்டஈட்டு வழக்கில் உண்மையே தற்காப்பு. கிரிமினல் அவதூறில், அதாவது பி.என்.எஸ். (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா) 356ஆம் பிரிவில், உண்மையோடு பொதுநலனையும் நீங்கள்தான் காட்ட வேண்டும். தவறினால் 2 ஆண்டு வரை சிறை. பத்திரிகைகள் சறுக்குவது இந்த இரண்டாம் பாதியில்.

அந்தரங்க உரிமை தனிக் கணக்கு. ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை வெளியிட நக்கீரன் ஆசிரியர் தொடுத்த வழக்கில், 1994ல் உச்ச நீதிமன்றம் சில விலக்குகளைச் சொன்னது: பொது ஆவணத்தில் இருக்கும் தகவல், தானாகவே சர்ச்சைக்குள் இறங்கியவர், அரசுப் பதவியில் இருப்பவரின் கடமை சார்ந்த நடத்தை. வீட்டு விருந்து கடமையில் சேராது. சர்ச்சைக்குள் இறங்கியவர் என்றுதான் வாதிட முடியும்.

வேப்பமரம்:
பிரிட்டன் மாடல் நவோமி கேம்ப்பெல்லின் வழக்கு இதற்கு நெருக்கமானது. போதைப்பொருளைத் தொட்டதில்லை என்று வெளியில் சொல்லிவந்தவர். 2001ல் பிரிட்டனின் டெய்லி மிரர் அவர் சிகிச்சைக்குப் போவதை எழுதியது. பழக்கம் இருந்ததையும் சிகிச்சை பெறுவதையும் எழுதியது சரி என்று அவர் தரப்பே ஒப்புக்கொண்டது, அவர் சொன்னது பொய் என்பதால். எந்த அமைப்பின் கூட்டம், எத்தனை முறை போனார், தெருவில் மறைந்திருந்து எடுத்த படம் ஆகியவற்றில்தான் 2004ல் பத்திரிகை தோற்றது, அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையில் 3க்கு 2 என்ற கணக்கில்.

ஆகவே முதலில் பொய் இருக்கிறதா என்று பாருங்கள். 'கடையை மூடு' என்பது கொள்கை. 'நான் குடித்ததே இல்லை' என்பது தன்னைப் பற்றிய கூற்று. முதலாவதை மட்டும் சொன்னவரின் விருந்தை வெளியிடுவது அநியாயம் என்பதே என் உறுதியான கருத்து. இன்னொன்று: வேட்புமனுவோடு தாக்கலான படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரத்தில் அவர், மனைவி, சார்ந்தோர் பேரிலுள்ள பங்குகளைத் தேடுங்கள். மதுபான நிறுவனப் பங்கு இருந்தால் செய்தி அதுதான். வீடியோவே வேண்டாம்.

தராசுமுள்:
பொய் உறுதியானால், வாட்ஸ்அப்பில் வந்த பிரதியை நம்பி இறங்காதீர்கள். வீடியோவாக அனுப்பும்போது அது சுருக்கப்படும், எடுத்த தேதி போய்விடும், ஹேஷ் (கோப்பின் கைரேகை போன்ற எண்) மாறிவிடும். எடுத்த போனிலிருந்தே மூலக் கோப்பை நகலெடுத்து, அன்றே ஹேஷ் குறித்து வையுங்கள். நீதிமன்றத்தில் புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷ்ய அதிநியம்) 63ஆம் பிரிவுச் சான்றிதழில் அதைக் கேட்பார்கள். அவருக்குக் கேள்விகளை எழுத்தில் அனுப்பி, 2 வேலைநாளாவது கொடுத்து, பதிலைச் செய்தியிலேயே போடுங்கள்.

மருதன்:
நன்றி. பின்னால் அவர் மகள் நிற்பதாக இருந்தால்?

வேப்பமரம்:
முகத்தை மட்டும் மறைத்தால் உடையும் குரலும் காட்டிக்கொடுக்கும். வீடியோவை விட்டுவிட்டு, கண்டதை எழுத்தில் மட்டும் சொல்லுங்கள். மகள் அங்கிருந்ததையே குறிப்பிட வேண்டாம்.