மறு: செரோட்டினி – தமிழில் எப்படிச் சொல்வது? (லாட்ஜ்போல் பைன் பாடம்)

நண்பர்களுக்கு வணக்கம்.

முற்றிய விதையை உடனே உதிர்க்காமல் கூம்பிலோ காயிலோ மூடிவைத்து, பிந்தி வெளியே விடும் குணம்தான் செரோட்டினி. லாட்ஜ்போல் பைன் மரத்தைப் பற்றிய பாடத்துக்காக அதற்கு ஒரு தமிழ்ச்சொல் தேடுகிறோம். இழை நீண்டுகொண்டே போகிறது, ஆளுக்கொரு சொல்லும் வந்துவிட்டது. வந்த சொற்களை எல்லாம் அந்த மரத்தடிக்கே கொண்டுபோய் நிறுத்திப் பார்த்தால் எது நிற்கும், எது விழும் என்று தெரிந்துவிடும். அதனால்தான் இந்த மடல் கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

> தீ பட்டால்தான் திறக்கிற கூம்பு. அப்படியானால் தீக்கூம்பு என்றே வைத்துவிடலாமே? சுருக்கமாகவும் இருக்கிறது.

சுருக்கம்தான், ஐயா. பாடப்புத்தகத்தில் போட்டால் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். ஆனால் கூம்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் கதை வேறு.

வட அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரில் வளரும் லாட்ஜ்போல் பைனின் கூம்பு சின்னது, 3 முதல் 6 செ.மீ. வரை. ஒரு பக்கம் பெருத்து, கிளையைப் பார்த்துச் சாய்ந்து, காம்பே இல்லாததுபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு செதிலின் நுனியிலும் ஒரு முள். செதிலுக்கும் செதிலுக்கும் நடுவே பிசின் இறுகிக் கெட்டிப்பட்டிருக்கும். விதை முற்றிய பிறகும் கூம்பு திறக்காது, உதிராது. ஆண்டுக்கணக்கில் அப்படியே இருந்து, சாம்பல் நிறம் ஏறி, மேலே மரப்பாசி படர்ந்து கிடக்கும். உள்ளே இருக்கும் விதைக்கு அப்போதும் உயிர் உண்டு. ஏறக்குறைய 45 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை சூடு ஏறினால் பிசின் இளகும். அப்புறம் செதில்கள் காய்ந்து வளைய, சிறகு வைத்த விதைகள் வெளியே வரும்.

அதற்கு வேண்டியது சூடு. காட்டுத்தீ அந்தச் சூட்டைத் தரும் பெரிய வழி, அவ்வளவுதான். வெட்டிப்போட்ட கிளைகள் வெயில் காயும் தரையில் கிடந்தாலும் கூம்பு திறக்கும். மரம் வெட்டிய இடத்தில் கிளைகழிவைப் பரப்பிவிட்டு, அதிலிருந்தே கன்று முளைக்கவைக்கும் வழக்கம் அங்கே வனத்துறைக்காரர்களிடம் இருக்கிறது. தீயே இல்லாமல் நடக்கும் இந்த வேலையைத் தீக்கூம்பு என்ற பெயரை வைத்துக்கொண்டு எப்படி விளக்குவது?

இன்னொரு சிக்கலும் உண்டு. பைன் குடும்பத்தோடு இந்தக் குணம் முடிந்துவிடுவதில்லை. தென்னாப்பிரிக்காவின் புரோட்டியாக்களில், செடி செத்தோ கிளை ஒடிந்தோ நீர்வரத்து நின்றுபோனால் விதைத்தலை விரியும். ஆஸ்திரேலிய பாங்சியாக்கள் சிலவற்றுக்குத் தீயும் வேண்டும், பிறகு மழையும் வேண்டும். பாலைவன எரிகோ ரோஜா காய்ந்து சுருண்டு கிடந்து, நனைந்ததும் விரிகிறது. செரோட்டினி என்ற ஒரே தலைப்பின் கீழ் இவை எல்லாவற்றையும் பேசுகிறார்கள். ஆகவே தீ என்ற சொல் பொதுப்பெயரில் வரக்கூடாது. வகைப்பெயரில் வரட்டும்.

> லத்தீன் மூலத்தில் ‘பிந்தி வருவது’ என்று பொருள். எனவே ‘காலந்தாழ்த்திய விதை வெளியேற்றம்’ என்பதே துல்லியம்.

துல்லியம்தான் அம்மா, மறுக்கவில்லை. ஆனால் இது கலைச்சொல் இல்லை, கலைச்சொல்லுக்கான விளக்கம். ஒரு பத்தியில் இதை நான்கு முறை எழுதிப் பாருங்கள், ஐந்தாவது முறை செரோட்டினி என்றே எழுதிவிடுவீர்கள். ‘வெளியேற்றம்’ என்றாலே எனக்குக் கழிவுநீர் ஞாபகம் வருகிறது, அது என் குறையாகவும் இருக்கலாம். ஆனால் உங்கள் பரிந்துரைக்குள் இருக்கும் ‘தாழ்’ என்ற ஒற்றைச் சொல்லை நான் எடுத்துக்கொள்கிறேன். ஏன் என்று கீழே.

> விதைப்பிடிப்பு?

வேளாண்மைக்காரர்கள் அடிக்க வருவார்கள். காய்ப்பிடிப்பு என்பது ஏற்கெனவே வயலிலும் தோட்டத்திலும் புழங்குகிற சொல், பூ காயாக மாறி நிலைப்பதைக் குறிப்பது. விதைப்பிடிப்பு என்றால் விதை வைத்தது என்றுதான் யாரும் படிப்பார்கள். இங்கே விதை எப்போதோ வைத்தாகிவிட்டது, வெளியே விடுவதில்தான் சங்கதி.

சரி, என் பரிந்துரை: தாழவிழ்வு. பெயரடையாக தாழவிழ் கூம்பு.

கூம்பு என்ற சொல்லே நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம். வடிவத்தைப் பார்த்துத்தான் பைன் காயைக் கூம்பு என்கிறோம். ஆனால் தாமரை கூம்பியது என்றால் இதழ் மூடியது என்று பொருள், கை கூம்பினாலும் அப்படித்தான். (பாய்மரத்துக்கும் பழந்தமிழில் கூம்பு என்ற பெயர் உண்டு. கம்பம்போல் நிமிர்ந்து வளரும் இந்த மரத்துக்கு அதுவும் பொருந்துகிறது, ஆனால் அந்தப் பக்கம் போனால் இழை முடியாது.) கூம்பியதற்கு எதிர்ச்சொல் விரிதல், மலர்தல், அவிழ்தல். இவற்றில் அவிழ்தலை எடுத்ததற்குக் காரணம், கட்டியிருந்தது விடுபடுவதையும் மொட்டு விரிவதையும் அது சேர்த்துச் சொல்கிறது. பிசின் கட்டு விடுபட்டுச் செதில் விரிவதற்கு இதைவிடப் பொருத்தமான வினை எனக்குத் தெரியவில்லை.

‘தாழ்’ இரண்டு வேலை செய்கிறது. தாழ்த்துதல் என்றால் காலம் கடத்துதல், லத்தீன் மூலத்தின் பொருள் இதில் வந்துவிடுகிறது. தாழ் என்றால் கதவின் தாழும்தான், அடைக்கும் தாழ். தாழிட்டு வைத்துப் பிந்தி அவிழ்வது தாழவிழ்வு.

வகைப்பெயர்கள் தாமாக வந்து விழுகின்றன. தீயால் என்றால் தீயவிழ்வு, வெயிலால் என்றால் வெயிலவிழ்வு, நனைந்து என்றால் நீரவிழ்வு, செடி பட்டுப்போவதால் என்றால் பட்டவிழ்வு. பட்ட மரம் என்று சொல்கிறோமே, அந்தப் ‘பட்ட’. லாட்ஜ்போல் பைன் தீயவிழ்வும் வெயிலவிழ்வும் கொண்ட தாழவிழ் மரம் என்று ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது.

> முதலில் நீங்கள் சொன்ன ‘காத்தவிழ்வு’ இதைவிட அழகாக இருந்ததே?

இருந்தது. காத்தல், காத்திருத்தல் இரண்டும் அதில் வரும் என்றுதான் நானும் ஆசைப்பட்டேன். ஆனால் வகுப்பில் உரக்கப் படித்தால் காத்து அடித்து அவிழ்ந்தது என்றுதான் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். காற்றுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று பிறகு நாம் தனியாக விளக்க வேண்டும்.

‘தாழ’ என்றால் கீழே என்று படிக்கமாட்டார்களா என்று இலங்கை நண்பர் தனிமடலில் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. முதல்முறை வரும் இடத்தில் ‘தாழ் அவிழ்தல்’ என்று பிரித்து எழுதிவிட்டு, அடுத்து சேர்த்து எழுதினால் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன். அவர் இன்னொன்றும் சொன்னார்: மலையகத்தில் இந்த இனத்து மரங்களை எல்லாரும் ‘பைனஸ்’ என்றுதான் சொல்வார்களாம். இங்கே பைன். மரத்தின் பொதுப்பெயரில் கைவைக்காமல் இரண்டையும் விட்டுவிடுவோம். தேவதாரு மட்டும் வேண்டவே வேண்டாம், இமயத்தில் அந்தப் பெயருக்கு உரியது வேறு மரம்.

அடுத்து லாட்ஜ்போல். ‘குடில்கம்ப பைன்’, ‘பந்தக்கால் பைன்’ என்று இரண்டு வந்திருக்கின்றன. பந்தக்கால் என்றதும் மாவிலையும் மஞ்சளும்தான் கண்முன் நிற்கின்றன, கல்யாண வீட்டை விட்டு அந்தச் சொல்லைப் பிரிக்க முடியாது. ஆங்கிலப் பெயர் வந்தது வட அமெரிக்கச் சமவெளி மக்களின் டீப்பி கூடாரத்திலிருந்து. சமவெளியில் நெடுங்கம்புக்கு ஏற்ற மரம் கிடைப்பது அரிது. அதனால் மலையடிவாரம் போய், நெருக்கமாக வளர்ந்து கிளைகுறைந்து நேராக நிற்கும் இளமரங்களாகப் பார்த்து வெட்டிவந்து, பட்டை உரித்து, காயவைத்துக் கூடாரக் கால் ஆக்கினார்கள். லக்கோட்டா, செயென் மக்கள் மூன்று கால்களை முதலில் கட்டி நிறுத்துவார்கள். கருங்கால் (பிளாக்ஃபுட்) மக்களும் குரோ மக்களும் நான்கு. மற்றக் கால்கள் அதன்மேல் சாயும். இடம் மாறும்போது இதே கால்களை நாயோ குதிரையோ தரையில் இழுத்துப்போகும், நுனி தேயும், மறுபடி மலைக்குப் போகவேண்டும். மேற்கே பிரிட்டிஷ் கொலம்பியாவின் உள்நாட்டுப் பழங்குடிகள் இளவேனில் முடிவில் பட்டையை உரித்து உட்பட்டையின் இனிப்பான சாற்றுப்படலத்தைச் சுரண்டித் தின்றார்கள். அந்தத் தழும்போடு நிற்கும் முதுமரங்கள் இன்றும் இருக்கின்றன. இதை எல்லாம் பெயரில் திணிக்க முடியாது. ‘கூடாரக்கால் பைன்’ போதும் என்பது என் கருத்து.

அறிவியற்பெயரில் ‘கன்டோர்ட்டா’, அதாவது முறுகியது, என்று இருப்பதைப் பார்த்து ஒருவர் ‘முறுக்குப் பைன்’ என்றார். தீபாவளிக்கு வைத்துக்கொள்ளலாம். தாவரவியலாளர் டேவிட் டக்ளஸ் பசிபிக் கடற்கரையில் கண்டது கடற்காற்றில் வளைந்து நெளிந்த வடிவத்தை, அதனால் அந்தப் பெயர். உள்நாட்டு வடிவம் கம்பாக நிற்கும். கலிபோர்னியாவின் மெண்டோசினோ கரையோரத்தில், சத்தற்ற புளிப்பு மண்ணில், நூறு வயதானாலும் ஆள் உயரம் தாண்டாமல் நிற்கும் இன்னொரு வடிவமும் இதே இனம்தான். அது கூடாரக் காலுக்கு ஆகாது. எந்தப் பெயர் வைத்தாலும் ஏதோ ஒரு கிளையினம் கோபித்துக்கொள்ளும்.

இந்த மரங்கள் எல்லாமே தாழவிழ்பவை அல்ல என்பதையும் பாடத்தில் சொல்லிவிட வேண்டும். சியரா நெவாடாவில் இருக்கும் கிளையினத்தில் பெரும்பாலும் கூம்பு முற்றியதும் திறந்துவிடும். ராக்கியிலேயே ஒரே காட்டில் மூடிய மரமும் திறந்த மரமும் கலந்து நிற்கும். காரணங்களில் ஒன்று அணில், எனக்கு இந்த இழையிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான். மூடிய கூம்பு ஆண்டுக்கணக்கில் மரத்திலேயே இருப்பதால், சிவப்பு அணிலுக்கு எந்நேரமும் கைக்கெட்டும் சாப்பாடு. கடித்து அறுத்துக் குவித்து வைத்துக்கொள்ளும். எனவே அணில் மிகுந்த இடத்தில் தாழவிழ் மரத்துக்கு இழப்பு அதிகம். ஐடஹோவின் சவுத் ஹில்ஸ் குன்றுகளில் அந்த அணில் இல்லை, அங்கே தாழவிழ்வு மிகுதி. அணில் இல்லாத இடத்தில் கூம்பைப் பிளந்து விதை தின்னும் குறுக்கலகுக் குருவிதான் (கிராஸ்பில்) முக்கிய எதிரி. கூம்பு தடித்த செதில் வளர்க்க, குருவி தடித்த அலகு வளர்த்தது. 2017-இல் அங்குள்ள அந்தக் குருவியைத் தனி இனமாக ஏற்றார்கள். அறிவியற்பெயரில் ‘சைனெஸ்கியூரிஸ்’, அணிலில்லாதது. கடும் வெயில் நாட்களில் கூம்புகள் முன்கூட்டியே அவிழ்ந்து விதை உதிர்வது இந்தக் குருவியின் இருப்பையே பாதிப்பதாக ஆய்வாளர்கள் பேசுகிறார்கள். வெயிலவிழ்வுக்குத் தனிச்சொல் வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான்.

நம் பக்கமும் ஒரு எடுத்துக்காட்டு கொடுக்கலாம். பழனி மலையிலும் நீலகிரியிலும் நட்ட மெக்சிகோவின் பட்டுலா பைனுக்கும் இந்தக் குணம் ஓரளவு உண்டு. மூடிய கூம்புகள் கொத்துக்கொத்தாகக் கிளையை ஒட்டி இருப்பதை ஆசிரியர் படம்பிடித்துக் காட்டலாம்.

இப்போது சொற்களை ஒரு பத்தியில் ஓடவிட்டுப் பார்க்கிறேன். பாடத்துக்கு நேராக எடுத்துக்கொள்ளலாம்:

“எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் காடுகளில் பெரும்பகுதி கூடாரக்கால் பைன். இதன் பட்டை மெல்லியது, பெருந்தீயில் மரம் பிழைக்காது. 1988 கோடையில் பூங்காவின் 36 விழுக்காடு நிலப்பரப்பைத் தீ தொட்டது. செப்டம்பரில் பனி விழுந்த பிறகே அடங்கியது. பூங்கா அழிந்தது என்று நாடே புலம்பியது. ஆனால் கரிந்த கிளைகளில் இருந்த தாழவிழ் கூம்புகள் விரிந்து, சாம்பல்மேல் விதையைக் கொட்டியிருந்தன. தாழவிழ்வு மிகுந்திருந்த சில இடங்களில் ஒரு ஹெக்டேருக்கு லட்சத்துக்கும் மேற்பட்ட கன்றுகள் முளைத்தன. தாழவிழ்வு குறைந்த இடங்களில் மிகச் சிலவே.”

படிக்கும்போது எங்கேயும் தடுக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ‘கிளைமேல் விதையிருப்பு’, ‘மண் விதையிருப்பு’ என்ற இணைச்சொற்களையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் விதை வங்கி என்பார்கள். நமக்கு வங்கி வேண்டாம், இருப்பு என்ற சொல் எந்தக் கடைக்காரருக்கும் தெரியும்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. மேலே சொன்ன லட்சக்கணக்கான கன்றுகள் வளர்ந்து, உள்ளே ஆள் நுழைய முடியாத நெருக்கமாக நிற்கும்போது அங்கே ‘நாய்மயிர்க் காடு’ என்கிறார்கள். அப்படியே போட்டால் தலைமையாசிரியர் நம்மைக் கூப்பிட்டு விசாரிப்பார். பயிர் கலைக்காமல் விட்ட வயலைத் திருவண்ணாமலைப் பக்கமோ டெல்டாப் பக்கமோ எப்படிச் சொல்கிறீர்கள்? அந்தச் சொல் யாரிடமாவது இருந்தால் இந்த இழையிலேயே போடுங்கள், பட்டியலைப் பாடக்குழுவுக்கு அனுப்புமுன் சேர்த்துவிடுகிறேன்.