சேலத்திலிருந்து குல்மார்க்: முதல் பனிச்சறுக்குக்கு உதவி தேவை

வணக்கம். பிப்ரவரியில் குடும்பமாக நான்கு பேர் காஷ்மீரில் உள்ள குல்மார்க் போகிறோம். எல்லோருக்கும் பனிச்சறுக்கு புதிது. நம்ம ஏற்காடே சுமார் 1,500 மீட்டர்தான். குல்மார்க் 2,600-க்கும் மேல். அதனால் முதல் நாள் ஓய்வு. பிறகு மூன்று நாள், கொண்டோலா (மலைமேல் ஏறும் கேபிள் கார்) பக்கமே போகாமல், கீழே சாய்வு குறைந்த சரிவில் பயிற்சி.

பூட்ஸ்தான் பெரிய கவலை. முட்டியை மடக்கி முன்னால் சாய்ந்தால் குதிகால் மேலே எழும்பக் கூடாது. இரண்டு சாக்ஸ் போட்டால் மடிந்து அழுத்தி, ரத்த ஓட்டம் குறைந்து கால் விறைத்துவிடும். ஒரே கம்பளி சாக்ஸ் போதும். பருத்தி பனியன் வியர்வையைப் பிடித்துவைத்துக் குளிரவைக்கும், அதுவும் வேண்டாம்.

8 வயதுப் பிள்ளைக்கு அளவான பூட்ஸும் ஹெல்மெட்டும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்குமா? குல்மார்க்குக்குக் கீழே உள்ள தங்மார்க் ஊரில், பனியில் வழுக்காதபடி சக்கரத்துக்குச் சங்கிலி கட்டிய வண்டிக்கு மாறினால் எவ்வளவு ஆகும்? சேலத்தில் தெர்மல் உள்ளாடை எங்கே வாங்கலாம்? போய்வந்தவர்கள் சொல்லுங்களேன்.