ராக்னரோஸிடம் மூன்று வாரமாகத் தோற்கிறோம், வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் என்ற ஆன்லைன் கேமில் மோல்டன் கோர் என்ற எரிமலைக் குகையை ஆடும் 40 பேர் குழு எங்களுடையது. தலைமைப் பொறுப்பு என் கைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது.

பாரன் கெடான் (Baron Geddon) என்ற பாஸ் வரை இப்போது பிரச்சினை இல்லை. முதலில் அங்கேயும் திணறினோம். கெடான் யார் உடம்பிலாவது குண்டை ஏற்றினால், அவருக்கு ஓடி ஒதுங்க 8 நொடிதான். அவர் கூட்டத்துக்குள்ளேயே நின்றால் பக்கத்தில் இருப்பவர்களும் காலி. "குண்டு வந்தால் யாரையும் கேட்காதே, இடப்பக்கச் சுவருக்கு ஓடு" என்று ஒரே விதி வைத்தோம். அன்றிலிருந்து சரியாகிவிட்டது.

கடைசி பாஸான ராக்னரோஸிடம் அப்படி ஒரு எளிய விதி கிடைக்கவில்லை. 3 நிமிடத்தில் அவன் எரிமலைக் குழம்பில் மூழ்கியதும் தீக்குட்டிகள் எட்டும் மேலே ஏறி வருகின்றன. அவை ஹீலர்களை (மற்றவர்களைக் குணப்படுத்துபவர்களை) நெருங்கினால் அவர்களின் மானா (மந்திரம் போடத் தேவையான சக்தி) எரிந்துபோகிறது. 90 நொடிக்குள் எட்டையும் முடிக்காவிட்டால் அவனும் திரும்பி வந்துவிடுகிறான். நேற்று இரண்டு குட்டிகள் மிச்சம், ஹீலர்களிடம் சொட்டு மானா இல்லை. வாய்ஸ் சாட்டில் ஐந்து பேர் ஒரே நேரத்தில் கத்தியதில் நான் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை.

எங்களிடம் வார்லாக் (சூனியக்காரர்) மூன்று பேர். எந்தக் குட்டியை யார் பானிஷ் செய்வது (மந்திரத்தால் சிறிது நேரம் செயலிழக்க வைப்பது) என்று முன்கூட்டியே பிரித்துவிடலாமா? ஹீலர்களை ஒரே இடத்தில் நிறுத்துவதா, பரப்புவதா? சண்டையின்போது ஒருவர் மட்டும் பேசுவது என்று வைத்தால் சரிவருமா? அப்புறம், முதல் 3 நிமிடத்திலேயே மானாவைச் சேமிக்க ஹீலர்களை எப்படிப் பழக்கினீர்கள்?

ஜெயித்த குழுக்களில் இருப்பவர்கள் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள். சனிக்கிழமை இரவு மறுபடி போகிறோம்.