ஐஸ் ஜாம்: பனி அணையா, பாளநெரிசலா?

ஆற்றில் பனி நெருக்கியடித்து நீரோட்டத்தை மறிப்பதை ஆங்கிலத்தில் "ஐஸ் ஜாம்" (ice jam) என்பார்கள். அதற்குத் தமிழில் "பாளநெரிசல்" என்பது என் யோசனை. அதன்மேல் எழுந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

> "பனி அணை" என்றே வைத்துக்கொள்வோமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தவறாகப் புரியும். பனியாறு (மலையில் மெல்ல நகரும் பெரும் பனித்திரள்) ஒன்று பள்ளத்தாக்கை மறித்து ஏரியைத் தேக்கினால் அதுதான் பனி அணை. சைபீரியாவின் லேனா ஆற்றில் மே மாதம் நடப்பது வேறு. (ஒலிபெயர்த்து "ஐஸ் ஜாம்" என்று விட்டாலோ, ரொட்டிக்குத் தடவுவதாகிவிடும்.)

பைக்கால் ஏரிக்கு அருகே பிறந்து, வடக்கே லாப்தேவ் கடல்வரை 4,000 கிலோமீட்டருக்கும் மேல் ஓடுகிற ஆறு அது. தெற்கே உருகி வெள்ளம் கிளம்பும்போது வடக்கே ஆறு இன்னும் உறைந்தே கிடக்கும். ஒரு மீட்டருக்கும் மேல் தடித்த பனிப்பாளங்கள் மிதந்து வந்து, வளைவிலோ தீவுகளுக்கு நடுவிலோ உடையாத பனிப்பரப்பில் முட்டி, ஒன்றன் அடியில் ஒன்று செருகிக்கொள்ளும். தண்ணீர் அடியோடு நிற்பதில்லை, இடுக்குகளில் போய்க்கொண்டேதான் இருக்கும். வரத்து அதை மிஞ்சுவதால் மேலாற்றில் மட்டம் ஏறுகிறது. 2001 மே மாதம் லென்ஸ்க் நகரம் மூழ்கியது இப்படித்தான். பனியை உடைக்க விமானங்கள் குண்டு வீசின.

> நெரிசல் என்றால் கூட்டம், போக்குவரத்து. ஆற்றுக்கு ஒட்டுமா? "பனி அடைப்பு" போதாதா?

நெரிதல் என்றால் நசுங்கி நொறுங்குவதும்தான். பாளங்கள் செய்வதும் அதையே. "அடைப்பு" நல்ல சொல், இங்கே செலவழிக்க வேண்டாம். ருஷ்யர்கள் வசந்தத்தில் வருவதைச் 'சத்தோர்' என்றும், ஆறு உறையத் தொடங்கும் பருவத்தில் வருவதைச் 'சஷோர்' என்றும் பிரிக்கிறார்கள். பின்னதில் பாளமே இல்லை. பூஜ்ஜியத்துக்குச் சற்றே கீழே குளிர்ந்த நீரில் பொடிப்பொடியாகப் பனித்துகள் உண்டாகி, கூழாகத் திரண்டு, மேலே உறைந்த பரப்பின் அடிவயிற்றில் ஒட்டி வழியைக் குறுக்கும். சாக்கடைக் குழாயில் சேறு பிடிப்பதுபோல. அதற்குக் "கூழ்ப்பனி அடைப்பு" கச்சிதம்.

களவேலையும் இரண்டுக்கும் வேறு. பாளநெரிசலைத் தவிர்க்க முன்கூட்டியே பனிப்பரப்பை ரம்பத்தால் அறுப்பார்கள். நிலக்கரித் தூள் தூவி வெயிலை உறிஞ்ச வைப்பார்கள். தூவிய மறுநாள் புதுப்பனி விழுந்து மூடினால் உழைப்பு வீண். வெடி வைப்பதானால் நெரிசலின் கீழ்முனையிலிருந்து தொடங்க வேண்டும். அங்கே திறந்த நீர் இல்லையென்றால், உடைந்த துண்டுகள் போக வழியின்றிச் சற்றுத் தள்ளி மறுபடி நெரியும். கூழுக்கு அறுப்பதும் தூவுவதும் உதவாது.

> சேர்த்து எழுதுவதா, பிரித்தா?

சேர்த்தே: பாளம் + நெரிசல், மகரம் கெட்டுப் பாளநெரிசல். கட்டுரையில் முதல்முறை வரும்போது மட்டும் "பனிப்பாளநெரிசல்" என்று போட்டுவிட்டால் உலோகப் பாளத்தோடு குழம்பாது.