பொருள்: 'ஆர்ட்டிஸ்ட்-ரன் ஸ்பேஸ்' – கலைக்களரி சரிவருமா?

வணக்கம் நண்பர்களே,

கலைஞர்களே சேர்ந்து நடத்தும் இடத்தைக் குறிக்கும் 'ஆர்ட்டிஸ்ட்-ரன் ஸ்பேஸ்' என்பதற்குத் தமிழில் 'மாற்றுக் கலைவெளி' என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது போலத் தெரிகிறது. எனக்கு உடன்பாடில்லை. எதற்கு மாற்று? டெல்லியில் 1997இல் தொடங்கிய 'கோஜ்' என்ற கலைஞர் அமைப்பை வணிகக் கேலரிகளுக்கு மாற்று என்று சொல்லிவிடலாம், சரி. கொழும்பில் 2000இல், போர்க்காலத்தில், ஓவியர்கள் சேர்ந்து 'தீர்த்த' அமைப்பைத் தொடங்கினார்கள். சமகாலக் கலைக்கென்று இடங்களே அரிதாக இருந்த ஊர் அது. பயிலரங்கு, கண்காட்சி, பதிப்பு என்று எல்லாவற்றையும் அவர்களே இழுத்துப் போட்டுச் செய்தார்கள். இதை 'மாற்று' என்றால் நடுவில் வேறு ஏதோ பெரிதாக இருந்தது போல ஆகிவிடுகிறது.

'வெளி'யிலும் சிக்கல் உண்டு. வேற்றுமை உருபு ஏற்றிப் பாருங்கள்: 'கலைஞர் வெளியில் உரையாடல்' என்று தலைப்பு போட்டால் வாசலில் நின்று பேசினார்கள் என்றுதான் படிப்பார்கள். 'கலைக்கூடம்' என்ற சொல் கேலரிக்குப் போய்விட்டது, அதைத் திரும்பப் பிடுங்க வேண்டாம். கட்டுரையில் கலைக்கூடம் என்று எழுதினால் வாசகர் விலைப்பட்டியலைத் தேடுவார். கலைஞர்கள் நடத்தும் இடத்தில் விற்பனை முதல் வேலை இல்லை, பலசமயம் முடிந்த படைப்பே இருக்காது. சென்னைக்கு அருகே உள்ள சோழமண்டலத்தை உதாரணம் காட்டியிருந்தார் ஒருவர். 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் பாத்திக் முதலிய கைவினைகள் விற்ற காசைச் சேர்த்து நிலம் வாங்கிக் குடியேறிய இடம், பெயரே 'ஓவியர் கிராமம்'. குடியிருப்புக்கு அந்தச் சொல் இருக்கட்டும்.

என் பரிந்துரை 'கலைக்களரி'. மட்டக்களப்புக் கூத்தில் வட்டக்களரி இன்றும் புழங்கும் சொல், ஆடுகிறவர்கள் நடுவில், பார்ப்பவர்கள் சுற்றிலும். செய்வதும் காட்டுவதும் கற்பதும் ஒரே இடத்தில் நடக்கும் என்ற பொருள் அதில் ஏற்கெனவே இருக்கிறது. கேரளத்துக் களரிப்பயிற்று நினைவுக்கு வருமே என்றால், வரட்டும், அதுவும் பயிலும் இடம்தானே. உவர் மண்ணான களர் நிலத்தை நினைப்பவர்களும் இருப்பார்கள் (மானியத்தை நம்பி நடத்துகிறவர்களுக்கு அது கூடுதல் பொருத்தம்!).

இன்னொன்றும் கவனியுங்கள். இந்த மாதிரி அமைப்புகளின் பெயர்களைப் பாருங்கள்: கோஜ் என்றால் தேடல், கராச்சியின் வஸ்ல் என்றால் கூடல், டாக்காவின் பிரிட்டோ என்றால் வட்டம். 'தீர்த்த'வுக்கு நமக்கு விளக்கமே வேண்டாம். கலைஞர் பயிலரங்குகளை இணைக்கும் ட்ரையாங்கிள் ஆர்ட்ஸ் டிரஸ்ட் வலையமைப்பு வழியாக ஒருவர் பயிலரங்குக்கு மற்றவர் போய்வந்த இந்த நான்கில் ஒன்றுகூடத் தன் பெயரில் 'ஸ்பேஸ்' வைத்துக்கொள்ளவில்லை. நாம் மட்டும் ஏன் அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

கண்காட்சியை நெறிப்படுத்தும் 'கியூரேட்டர்' என்பதற்கான தமிழ்ச்சொல் பற்றித் தனி இழை தொடங்குங்கள். 'காப்பாட்சியர்' என்ற சொல் அருங்காட்சியகத்தோடு நிற்கட்டும். ஜெர்மனியின் பெரிய சமகாலக் கலைக் கண்காட்சியான டாக்குமெண்டாவை 2022இல் நெறிப்படுத்திய ஜகார்த்தாவின் ருவாங்ருப்பா ஒரு குழு, அதனால் '-ஆளர்' என்று முடியும் ஒருமைச் சொல் எதுவும் அங்கே உதவாது.

களரிக்கு மறுப்பு இருந்தால் ஒரு முழு வாக்கியத்தில் போட்டுக் காட்டி மறுங்கள், சொல்லை மட்டும் தனியாக வைத்துக்கொண்டு பேசினால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும்.